காலிமுகத்திடலில் வெள்ளிக்கிழமை

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் தூறல், பத்து மணிக்கு நல்ல வெயில். ஆபீஸில் மூன்று நாள் லீவு. கப்பல் பேப்பர்களை மற்றவர்கள் பார்க்கட்டும்.

வேலை: சுபாவின் மகள் வைஷுவுக்குக் கொழும்பு காட்டுவது. ஸ்கூல் விடுமுறை, சுபாவுக்கோ பார்மசியில் லீவு இல்லை. வைஷுவுக்கு எட்டு வயது. என்னை அங்கிள் என்பாள், அதற்கு மேல் கதைத்ததில்லை. சு. போன வாரமே சொல்லிவிட்டாள்: "வைஷு ஓம் எண்டால்தான் எங்கட கலியாண எழுத்து. அவவுக்கு விருப்பமில்லையெண்டால் நான் கொட்டாஞ்சேனைக்கு, உங்கட வீட்டுக்கு வரமாட்டன்." நாற்பது தாண்டிய பிறகு சின்னப் பிள்ளையிடம் இன்டர்வியூ.

நூதனசாலை. கண்டி ராஜாவின் சிம்மாசனம். வாள், நாணயம் எதையும் அவள் கவனிக்கவில்லை, இதற்கு முன்னால் மட்டும் நின்றுவிட்டாள்.

"அங்கிள், இதில இருக்கேக்க ராஜாவுக்கு முதுகு கடிச்சால் ஆர் சொறிஞ்சு விடுறது?"

எனக்குத் தெரியாது. காவலரிடம் சிங்களத்தில் கேட்டேன். அவர் நன்றாக யோசித்து, ராணிதான் என்றார். வை. நம்பவில்லை. வீடு வரும்வரை எனக்கும் அதே யோசனை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பலத்த காற்று. தாமரைக் கோபுரம். தினமும் என் வீட்டு வாசலில் நின்று பார்க்கிறேன், ஏறியது இன்றுதான். லிப்டில் காது அடைத்தது. எச்சில் விழுங்கச் சொல்லித் தந்தாள்.

மேலிருந்து: துறைமுகம், கிரேன், பொம்மைப் பெட்டி மாதிரி கன்டெய்னர்கள். வெள்ளவத்தையைத் தேடினாள். கடலோரமாகக் கை காட்டினேன். அவர்களுடைய பிளாட் தெரியவில்லை. என் வீடும் அகப்படவில்லை.

"உங்கட வீட்டில ஆர் ஆர்?"

"நான் மட்டும்தான்."

"இரவில பயமில்லையோ?"

பழகிவிட்டது என்றேன். சொன்ன பிறகு மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

பஸ் ஒரு மாதா கோவிலைக் கடந்தபோது நெற்றியில் சிலுவை போட்டேன். "போனைப் பாத்துக்கொண்டே கும்பிடுறீங்கள்" என்றாள். உண்மைதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதாவின் விண்ணேற்புத் திருநாள். விடியப் பூசை, புதுச் சட்டை, பாட்டு இன்னும் வாயில். பின்னேரம் வை.யோடு காலிமுகத்திடல் கடற்கரை. கூட்டம். பட்டம் வாங்கினோம். எனக்கு விடத் தெரியாது என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள். இருந்தாலும் சிரித்தாள். முதல் சிரிப்பு.

அந்தக் குஷியில் வண்டிக்காரரிடம் இறால் வடை. பிள்ளைக்கு உறைப்பைக் குறைக்கவா என்று கேட்டுக்கேட்டு வெங்காயம் போட்டுத் தந்தார். வை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடிக்கவில்லை.

"சூடா?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, அங்கிள். நாங்கள் சைவம்."

சுபாவைத் தெரிந்த இரண்டு வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கூட அவள் மீன் தொட்டதில்லை. திருநாள் என்றால் எங்களுக்குச் சாப்பாடுதான், அந்த நினைப்பில் எல்லாம் மறந்துபோயிற்று. மடையன் நான்.

வடையைப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்து, தண்ணீர் ஊற்றி அவள் கையைக் கழுவிவிட்டேன். வடைக்குப் பதிலாக மாங்காய் வாங்கினேன்.

"உங்கட சாமி வெள்ளிக்கிழமை இறால் சாப்பிட விடுவாரோ?"

"விடுவார். தவக்காலத்தில மட்டும் இறைச்சி இல்ல."

"அப்ப மட்டும் ஏன்?"

சொன்னேன். சிம்மாசனத்தைப் பார்த்த அதே கண்ணோடு கேட்டாள். கடைசியில், "வடைக் கதையை அம்மாட்டச் சொல்லுவன்" என்றாள்.

ரயிலில் வெள்ளவத்தை வரை ஜன்னலால் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்று நாள் லீவும் கடலோடு போனது என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

புழுக்கம். சு. வரச் சொன்னாள். பிளேன்டீ, பிஸ்கட். வை. மேசையில் பட்டத்தின் படம் கீறிக்கொண்டிருந்தாள், வால் மட்டும் மூன்று நிறத்தில்.

"இறால் வடையாம்?" சு. சிரிக்கவில்லை.

"ஓம். கிழமை மறந்துட்டன். என் பிழைதான்."

சு. பதில் சொல்லும் முன் வை. பென்சிலை வைத்தாள்.

"அங்கிள், உங்கட வீட்டில வெள்ளிக்கிழமையில மீன் சமைக்கிறதோ?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், வைஷு. சமைப்பன்."

பென்சிலை மறுபடி எடுத்தாள்.

"அப்ப அங்க எனக்கும் அம்மாவுக்கும் வேற சட்டி வாங்கோணும்."