நூற்றுக்கு ஐந்து போட்ட மகளுக்கு

பதுளை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் றின்ஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மா சுகம், மாமி சுகம், எல்லோரையும்விட நல்ல சுகத்தோடு இருப்பது என் கோபம். போனில் ஏசினால் நீ சிரித்தே சமாளித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஊவா மாகாணத்தில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை இதில் சொல்வேன் என்று சத்தியம் செய்கிறேன், ஆனால் முதலில் ஏச்சு.

உன் விமானப் பள்ளியில் நெஞ்சில் வயர் ஒட்டி, தரையிலேயே நின்று ஆடும் பொய் விமானத்தில் ஏற்றி, இறங்கியதும் ஒரு தாளைத் தந்து, மூளைக்கு எவ்வளவு பாரம், நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார்களாம். இருபது வருஷம் பறந்த கப்டன் வெட்கப்படாமல் எழுபது போட்டிருக்கிறார். நாற்பது மணித்தியாலம் பறந்த நீ ஐந்து போட்டிருக்கிறாய்! உன் இதயம் நூற்றைம்பது அடித்ததை மெஷின் காட்டிக்கொடுத்துவிட்டது. கூடப் போட்டா பயந்தாங்கொள்ளி எண்டு சிரிப்பாங்க மாமா என்கிறாய். இப்போது என்ன ஆயிற்று? பாரம் கூடும்போது வாய் திறக்காதவளை நம்பிப் பக்கத்தில் உட்கார ஏலாது, வியாழக்கிழமையும் இப்படியே எழுதினால் வீட்டுக்கு அனுப்புவோம் என்று உன் ஆசிரியர் சொல்லிவிட்டார். நியாயம்தானே? இருநூறு பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல என்று சொல்லியே மலையில் மோதுவாயா? இந்த ஒண்டுமில்ல நம் குடும்பத்து வியாதி. உன் உம்மா பித்தப்பை வெடிக்கும்வரை ஒண்டுமில்ல என்றாள். வாப்பா மௌத்தான பிறகு உன்னை வளர்த்த நான்தான் சோற்றோடு சேர்த்து இதையும் ஊட்டினேன் என்று நினைக்க, என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நானே ஆராய்ச்சியில் இறங்கினேன். மபாஸின் பாமசியில் பிரஷர் மெஷினை இரவல் வாங்கி, வேன் ஓட்டப் பழகிப் பதினொரு நாளான உன் ஹம்ஸியா மாமியோடு மடுல்சீமைக்குப் புறப்பட்டேன். பசறை வரை மாமி ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் யா அல்லாஹ், எனக்கு ஏலாது என்று கத்தினாள், தாளிலும் தொண்ணூற்றொன்பது போட்டாள், மெஷினும் ஆமென்றது. அதற்குமேல் முப்பத்தொரு வருஷச் சாரதியான நான். பூச்சியம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். மூடுபனியை மாமி பாண் வெட்டும் கத்தியால் துண்டு துண்டாக அறுத்து யன்னலால் எறிய எறிய ஓட்டினேன். என் கையில் கட்டிய மெஷின் போட்ட சத்தத்தில் மொனராகலையில் கரும்பு வெட்டியவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். முன்சில்லு இரண்டும் பள்ளத்துக்கு மேலே தொங்க, அங்கிருந்தே அப்புத்தளை ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஸலாம் சொன்னேன். ரோட்டு தெரியுதா என்றாள் மாமி. எனக்கு ஏலாது ஹம்ஸியா, எறங்கி முன்னுக்கு நடந்து கைகாட்டு என்றேன்.

மேலே பறந்தாலும் கீழே நடந்தாலும் அல்லாஹ் உன்னைக் காப்பானாக. சாப்பாட்டை விடாதே, உம்மாவுக்குப் போன் எடு. வியாழக்கிழமை அந்தத் தாளில் நெஞ்சு சொல்லும் எண்ணைப் போடு, நூறென்றாலும் போடு.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
அஸீஸ் மாமா

பி.கு.: கத்தி, கரும்பு, ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாம் பொய். வேனை நிறுத்தி, ஏலாது என்று நான் சொன்னது மட்டும் உண்மை, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. மாமி சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு இறங்கி, பனிக்குள் முன்னால் நடந்தாள்.