சதுரப் புள்ளி வைத்த தடித்த எழுத்து

சேசு மரி சூசை துணை

ஹேடோ, போர்ட்பிளேர்
1965 பிப்ரவரி

அன்பு மகன் அல்போன்ஸுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை சிசிலியா எழுதுவது. இங்கே அம்மாவும் நாங்களும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், நீ அங்கே கையும் காலும் முழுசாக வெளியில்தான் இருக்கிறாயா என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, மழை வர இன்னும் நாளிருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் மெட்ராஸ் வழியாக ஊருக்குப் போகிற கிளாரா சித்தி கையில் கொடுத்து விடுகிறேன்.

கிறிஸ்மஸுக்கு நீ ஒரு தாள் அனுப்பினாயே, அச்சாபீஸில் சினிமா நோட்டீஸுக்கும் சோடாக் கம்பெனி விளம்பரத்துக்கும் என்று நீயே வரைந்து மரக்கட்டையில் வெட்டின பெரிய எழுத்து, அதைச் சுவரில் ஒட்டிவைத்து நான் பார்க்காத நாளில்லை. பஸ்ஸில் போகிறவன் கண்ணையும் இழுக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு தடிமன் என்று எழுதியிருந்தாய். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பார்க்கத் தெரியும். கப்பல் கட்டுகிற வடம் மாதிரி கால்கள், வயிற்றுக்குள்ளே கடுகளவு ஓட்டை, வாச்சியால் செதுக்கின மாதிரி மொட்டையாக முடிகிற நுனி, எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புள்ளி. எல்லாரும் உருண்டையாக வைக்கிற புள்ளியை நீ செங்கல் மாதிரி சதுரமாக வைத்திருக்கிறாய். ஜெபப் புத்தகத்தை இதில் அச்சடித்தால் கோவிலுக்குள் நின்று சத்தம் போடுகிற மாதிரி இருக்கும் என்று சிசிலியா சிரித்தாள். அந்தத் தாளைக் கப்பல் ஜெட்டிக்கும் எடுத்துப் போய் என்னோடு மூட்டை தூக்குகிற எல்லாரிடமும் காட்டினேன். எங்களுக்கு எழுத்து வாசனை கிடையாது, பெட்டிமேல் போட்டிருக்கிற மார்க்கைப் பார்த்துத்தான் இன்ன கடைச் சரக்கு என்று பிரித்து அடுக்குவோம், அந்தக் கண்ணில் உன் எழுத்தும் ஒரு மார்க்காகப் பதிந்துவிட்டது.

போன மெட்ராஸ் கப்பலில் வந்த சோப்புப் பெட்டி ஒன்றின்மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மேஸ்திரி ராஜமாணிக்கம்தான் முதலில் கண்டான். ஜெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, “பெரியவரே, உம்ம மவன் கப்பலேறி வந்திருக்கான், வந்து பாரும்” என்று கூப்பிட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் ஓடிப்போய் அந்தச் சதுரப் புள்ளியைத் தடவிப் பார்த்தேன். அப்போது கப்பல் ஆபீஸ் கிளார்க் ஜெகநாதன் சார் வந்து படித்தார். முகம் செத்துப்போயிற்று. இந்தி வேண்டாம், கடையை அடையுங்கள், தெருவுக்கு வாருங்கள் என்று எழுதியிருக்கிறதாம். அடியில் அச்சாபீஸ் பேர் இல்லை, மெட்ராஸில் இதை அடித்தது யாரென்று போலீஸ் தேடுகிறது, பேசாமல் போய்விடுங்கள் என்று காதோடு சொன்னார். துப்பாக்கிச் சூடு நடந்ததை ரேடியோவில் கேட்டிருந்தோம்.

ராஜமாணிக்கம் கூவினதும் சிரிப்பும் கேட்டுப் போலீஸ்காரன் ஒருவன் வந்தான். யார் மகன், எங்கே இருக்கிறான் என்று இந்தியில் கேட்டான். என் பிள்ளை இல்லை என்று நானும் இந்தியிலேயே, “மேரா லட்கா நஹி சாப்” என்றேன். என் மகன் ஹேவ்லாக் தீவில் மீன் பிடிக்கிறான், மெட்ராஸில் எனக்கு ஒருத்தரும் இல்லை என்றேன். ராஜமாணிக்கத்துக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கிழவனுக்குக் கண் அவிந்துவிட்டது சாப், கறுப்பாக எதைக் கண்டாலும் தன் பிள்ளை என்பான் என்று இந்தியில் கேலி பண்ணினான். போலீஸ்காரன் சிரித்தான். சிரித்துக்கொண்டே நோட்டீஸைக் கிழியாமல் உரித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறேன்.

நீ அடித்தாயா, உன் கட்டையை வேறு யாராவது எடுத்து அடித்தார்களா, எனக்குத் தெரியாது, அதைக் கடிதத்தில் எழுதவும் எழுதாதே. அந்த நோட்டீஸில் சொல்வது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. தூத்துக்குடியில் வியாகுலம் என்று ஒருவன் இருந்தான், நீ பிறக்குமுன்பு, வேலைநிறுத்தத்தின்போது சுவரில் தார் தொட்டு எழுதினான். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. பக்கத்துத் தெருக் கடைப் போர்டையும் அவன்தான் எழுதியிருந்தான், இரண்டிலும் எழுத்தின் வளைவு ஒன்றாக இருப்பதைப் பார்த்தே போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவனால் தூரிகை பிடிக்க முடியவில்லை, விரல்களைப் பார்த்தவன் நான். கைநாட்டுக்காரர்கள் நாங்களே கடல் தாண்டி உன் எழுத்தை அடையாளம் கண்டோம் என்றால், அங்கே சினிமா நோட்டீஸும் இதுவும் ஒரே சுவரில் ஒட்டியிருக்கும்போது போலீஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால் அப்பா சொல்வதை இந்த ஒரு தடவை கேள். அந்தக் கட்டைகளை உடைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புள்ளிகளை மட்டும் அரத்தால் ராவி உருண்டையாக்கிவிடு. எழுத்தின் முகமே போய்விடும் என்பாய், தெரியும். போகட்டும். சுவரில் இருந்த தாளை நானே சுரண்டி எடுத்துவிட்டேன், சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து அந்த இடம் பல்லிளிக்கிறது. அம்மாவிடம் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

அடுத்த கப்பலில் இங்கே வந்துவிடு என்று சொல்ல வாய் துடிக்கிறது. வந்து ஜெட்டியில் இறங்கினால், அந்தப் போலீஸ்காரன் எதிரில் உன்னை யாரென்று சொல்லிக் கூட்டிப் போவேன், அதுதான் விளங்கவில்லை. மாதா உன்னைத் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். ராத்திரியில் தனியாக நடக்காதே, வேளைக்குச் சாப்பிடு, படித்ததும் இதை எரித்துவிடு.

கைநாட்டு வைக்க மையைக்கூடத் தொட்டுவிட்டேன், பிறகு துடைத்துவிட்டேன். பேரும் போட வேண்டாம் என்று சிசிலியாவிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மெட்ராஸில் ஒருத்தரும் இல்லாதவன்