தலைப்பிரசவத்துக்கு வந்த நாய்

கீழ்வேளூர்

அன்புள்ள மகள் வானதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீ அனுப்பிய நாயும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். கோபம் வேறு, வேண்டுதல் வேறு. போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

நீ செய்தது துரோகம். சினை நாயைச் சினை என்று சொல்லாமல் பெற்றவள் தலையில் கட்டினாய். "புனேல வீடு மாறுறோம், மூணு வாரம் வச்சுக்கம்மா" என்று சொல்லி, வேளாங்கண்ணிக்கு வந்த யாரோ சிநேகிதர் காரில் ஏற்றி அனுப்பிவிட்டாய். முயல் அளவு உடம்பு, தரையைத் தொடும் வயிறு. பட்டணத்துத் தீனி தின்று கொழுத்திருக்கிறது என்று நினைத்து ஒரு வேளைச் சோற்றை நிறுத்தினேன். அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும், என்னை அல்ல. மடி கனத்ததைப் பார்த்து அப்பாதான் "அகிலாண்டம், இது சினைடி" என்றார். உன்னைக் கேட்டால் "சொன்னா நீ வேணாம்னு சொல்லிருப்பம்மா" என்கிறாய். ஆமாம், சொல்லியிருப்பேன். நம் வீட்டிலும் நாய்கள் இருந்தன, வாசலோடு நின்றன. இது அடுப்பங்கரைவரை வருகிறது, தட்டைப் பார்த்து எச்சில் வடிக்கிறது, என் காலை நக்குகிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் கால் கழுவுவது? இட்லி மாவில் மயிர் கிடந்து மாவு முழுவதையும் கொட்டினேன். சாமி மாடத்துக்கு எதிரே எதையோ ஒழுகவிட்டிருக்கிறது, எழுதவே கை கூசுகிறது. இதில் நீ ஸ்பீக்கரில் போட்டு "மஃபின் செல்லம், பாட்டிகிட்ட சமத்தா இருக்கணும்" என்கிறாய். நான் யாருக்குப் பாட்டி?

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்த்து இரண்டு குட்டி என்றார். இடுப்பு ரொம்பக் குறுகலாம், முதல் ஈற்று வேறு. முக்கியும் குட்டி வராவிட்டால் உடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழிக்க வேண்டும், தாமதித்தால் தாயும் தங்காது என்றார். காலையும் மாலையும் பின்பக்கம் தெர்மாமீட்டர் வைத்து நான்தான் பார்க்க வேண்டுமாம், சூடு இறங்கினால் வலி வரப்போகிறது என்று அர்த்தமாம். பார்க்கிறேன். பார்த்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவி, மஞ்சள் தேய்த்து, அப்புறமும் அந்தக் கையால் சோறு பிசையப் பிடிக்கவில்லை. இதற்கு மேல் ஒன்று சொன்னார், "நஞ்சுக்கொடிய அதுவே தின்னுடும், தடுக்காதீங்கம்மா" என்று. மாட்டின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிய குடும்பம் இது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அது தின்பதைப் பார்க்க வேண்டும்.

குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டது, அப்பா மிஷினுக்கு அலைகிறார், அதற்கு நடுவில் பலகை அடித்து இதற்கு ஒரு பெட்டி செய்திருக்கிறார். மாட்டுக்குப் போடுவது போல வைக்கோல் பரப்பினார். வைக்கோல் ஆகாது, பழைய பருத்தித் துணி போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய பருத்தித் துணி எங்கே இருக்கிறது தெரியுமா? நீ முழுகாமல் இருக்கிறாய் என்று சொன்ன அன்றிலிருந்து என் நூல் புடவைகளைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்தேன். நீ, "ஆஸ்பத்திரியிலயே எல்லாம் பண்ணிடுவாங்க, குளிப்பாட்ட ஆள் வச்சாச்சு, நீ அலையாதம்மா" என்றாய். அலையாதே என்றவள் வீட்டுக்கு நான் ஏன் வர வேண்டும்? தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வராத மகள், நாயைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். எதிர்வீட்டு நூர்ஜஹான் பார்த்துவிட்டு, "என்ன அகிலாண்டம், தலைப்பிரசவத்துக்குப் புள்ள வந்து சேந்துருச்சு போல, வளகாப்பு எப்ப?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நேற்று போனில் நீ அழுதாய். "மொதப் பிரசவம்மா, எனக்குப் பயமா இருக்கு, நீ பக்கத்துல இருந்தா தைரியம்" என்றாய். போன வருஷம் இந்த வார்த்தைக்காகப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அதை நாய்க்காகச் சொல்கிறாய்.

சரி, ஆக வேண்டியதைச் சொல்கிறேன். குட்டிகளுக்குச் சூடு கிடைக்க, நாய்ப் பெட்டிக்கு மேல் அப்பா பல்பு ஒன்று தொங்கவிட வேண்டும், அறுப்பு இருந்தாலும் ஊரைவிட்டுப் போகக்கூடாது. தஞ்சாவூர் போவதற்கு வாடகைக்கு ஓட்டும் நாகநாதன் கார் டீசலோடு தயாராக நிற்க வேண்டும், சொல்லியாயிற்று. குட்டியா தாயா என்று டாக்டர் கேட்டால் மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் போனோடு நிற்க மாட்டேன், தாய் என்று சொல்லிவிடுவேன், அவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். புடவைகளைக் கிழிப்பது என் வேலை, பக்கத்தில் உட்காருவதும் என் வேலை. குட்டிகள் கண் திறந்ததும் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதே, யார் காரிலும் ஏற்ற மாட்டேன். நீயே வர வேண்டும், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வைரவர் கோயில் திருநீறு இத்துடன் வைத்திருக்கிறேன், அவன் நெற்றியில் பூசு, நீங்கள் மூவரும் நன்றாக இருங்கள். ஊதா நிறப் புடவை ஒன்றை மட்டும் கிழிக்கவில்லை. அது தூளிக்கு. அந்த நாய் செத்தாலும் பிழைத்தாலும் அதைக் கொடுக்க மாட்டேன்.

உன் அம்மா,
து. அகிலாண்டம்