மரைக்கு வைத்த வெடி

ரோவில், மெல்பேர்ன்

அன்பு மச்சான்,

உன் வலது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று உன் மனைவி தொலைபேசியில் அழுதாள். "நான்தான் இருந்த இடத்தை விட்டு எழும்பினனான், அவனில பிழையில்லை" என்று பொலிசிடம் சொன்னாயாம்.

நீ எழும்பவில்லை. வேட்டைக்குப் போன காட்டில் நான் இருத்திய மரத்தடியில், வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் மேலாடையோடுதான் இருந்தாய். எனக்கு அது மரைமானின் முதுகாகத் தெரிந்தது. முதல் வெடியில் நீ அலறினாய். மரைதான் அலறுகிறது என்று நினைத்து இரண்டாவதையும் வைத்தேன். உன் எலும்பு சிதறிய பிறகுதான், "டேய், நான்தானடா!" என்று கேட்டது.

இனித் துவக்கைத் தொடக்கூடாது என்று கண் டொக்டர் மாசியிலேயே எழுதித் தந்தார். பார்வை இருக்கும்வரை சுடுவோம் என்று அதை உன்னிடம் மறைத்தேன்.

இன்று துவக்கோடு அந்தக் கடிதத்தையும் பொலிசிடம் கொடுத்துவிட்டேன். இனி எனக்காகப் பொய் சொல்லாதே.

உன்னை இரண்டு முறை சுட்டவன்