காலி என்று எழுதப்பட்ட ஹார்ட் டிஸ்க்கில் என் மாமியாரின் குரல்

அனுப்புநர்:
ஒலிப்பதிவுப் பொறுப்பாளர்,
பார்வையற்றோர் ஒலிநூலகம், மாடி அறை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நூலகத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: சர்வரில் புதிய இயங்குதளம் நிறுவுதல் – ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழிக்கச் சொல்லும் பணி ஆணையை இன்றே திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் நல்ல செய்தி. ஒலிப்பதிவுகள் அழியவில்லை! இதை மூன்றாம் பத்தியில் எழுதுவதுதான் முறை என்று தெரியும். அதுவரை என் கை பொறுக்கவில்லை, மன்னிக்கவும்.

1. மின்தடையில் எங்கள் சர்வர் நின்றுபோனதும், புதிய இயங்குதளம் நிறுவத் தொழில்நுட்பப் பிரிவுப் பொறியாளர் வந்தார். நிறுவும் திரை, டிஸ்க் முழுவதையும் காலி இடம் என்று காட்டியது. இயங்குதளத்துக்குச் சிறு பகுதி, பதிவுகளுக்குப் பெரும் பகுதி என்று பிரித்து வைத்திருந்த இரண்டில் ஒன்றுகூடத் தென்படவில்லை. கண்டதை அவர் அறிக்கையில் எழுதினார். "டிஸ்க் காலி, முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுக" என்று பணி ஆணை வந்துவிட்டது. அந்த வேலை நாளை நடக்க இருக்கிறது.

2. அந்த டிஸ்க்கில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை எங்கள் மூத்த வாசிப்பாளர் படித்த நூல்கள். அவர் என் மாமியார் என்பதை மறைக்க விரும்பவில்லை. தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவரால் பேச முடியாது. அத்தையின் சத்தம் கேட்காத வீட்டில் எனக்கு அழுகை வரும் என்று கல்யாணமான புதிதில் யாராவது சொல்லியிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். இப்போது வருகிறது. பதிவுகளுக்கு வேறு பிரதி கிடையாது. பிரதி எடுக்க இன்னொரு டிஸ்க் கேட்டு நான் அனுப்பிய கடிதங்கள் இன்னும் "பரிசீலனையில்" உள்ளன.

3. நேற்று அந்தப் பொறியாளர் தாமாகவே திரும்பி வந்தார். "மேடம், எனக்கு மனசே ஆறல. எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடலாம்" என்றார். டிஸ்க்கில் எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்யும் முறையில் திறந்தார். எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒன்றும், அதன் நகல் கடைசியில் ஒன்றும் இருக்குமாம். கெட்டுப்போனது தொடக்கத்தில் உள்ளது மட்டும்தான். கடைசியில் இருந்த நகல் பத்திரமாக இருந்தது, ஐயா! அதைக் கொண்டு பார்த்ததும் இரண்டு பகுதிகளும் திரையில் வந்து நின்றன. பொறியாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து "அடி சக்கை!" என்று கத்தினார். கீழே வெளியிலிருந்து வந்த குறுந்தகடுகளில் நூல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் படியேறி வந்து, "இங்க யாருக்குக் கல்யாணம்?" என்று விசாரித்தார்கள். அலுவலக ஒழுங்குக்குப் புறம்பான அந்தக் கூச்சலில் எனக்கும் பங்கு உண்டு.

4. முழுவதையும் எடுத்து வைக்க இடமில்லாததால், ஒரே ஒரு பதிவைப் பென் டிரைவில் எடுத்து, அத்தையை வரவழைத்துப் போட்டோம். கண்ணை மூடிக் கேட்டார். அத்தியாயத்தின் நடுவே, நான் வெட்ட மறந்த ஓர் இடத்தில், "ஏம்மா, அந்த ஃபேன நிறுத்துன்னு எத்தன தடவ சொல்றது? இந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கும்?" என்று அவர் குரல் என்னைத் திட்டியது. எதிரே இருந்த அத்தை சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். பிறகு கையை நீட்டி, தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் காட்டினார். எழுந்து போய் நிறுத்தினேன்.

5. உடனே தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பிரிவு மேலாளர், "காலி டிஸ்க்ல காப்பாத்த என்னம்மா இருக்கு? ரிப்போர்ட்லயே அப்படித்தானே போட்டிருக்கு" என்றார். பொறியாளர் கொடுத்த திருத்திய அறிக்கையையும் அவர் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். ஆணையை மாற்றத் தங்களால் மட்டுமே முடியுமாம். மாறாவிட்டால், நாளை வந்து அழிக்க வேண்டியவரும் அதே பொறியாளர்தான். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

ஆகவே, அழிக்கும் ஆணையை இன்றே நிறுத்தி, பதிவுகளைப் பிரதி எடுக்க ஒரு டிஸ்க் தந்து, பிறகு கெட்டுப்போன குறிப்பைச் சரிசெய்து, சிறு பகுதியில் மட்டும் இயங்குதளத்தை நிறுவ உத்தரவிடுமாறு பணிவோடும், அதைவிட அதிகமான பதற்றத்தோடும் வேண்டுகிறேன். ஆணையில் ஒரு வரி மாறினால் போதும், ஐயா.

இடம்: ஒலிப்பதிவு அறை
நாள்: வியாழக்கிழமை காலை

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஒலிப்பதிவுப் பொறுப்பாளர்

உடன்பட்டு ஒப்பமிடுவோர்:
பொறியாளர்
மூத்த வாசிப்பாளர்

இணைப்பு: பென் டிரைவ் ஒன்று. தாங்கள் கேட்கும்போது அறையில் ஃபேனை நிறுத்திவிடவும். அத்தைக்குப் பிடிக்காது.