துடுப்பில் கட்டிய ஆரஞ்சுச் சட்டை

இயேசு மரி சூசை

கடியப்பட்டினம்
12-1-2012

அன்பு மகள் பிரிஜாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் துபாயில் கைகால் சுகத்தோடு இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா இடையில் பிடுங்கிக்கொண்டு, சாப்பிட்டியா உறங்கினியா என்று கேட்டே பேச்சை முடித்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம். நீ கேட்ட கேள்விக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் கோபப்படாதே. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் நடத்தும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் ஓடப்போகிறேன், புதிதாக வாங்கின ஆரஞ்சு உடுப்பைப் போட்டுக்கொள்ளட்டுமா, அப்பா வேண்டாம் என்றால் பழைய கறுப்பையே போடுகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்த அன்றைக்கே வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், நல்லவேளை கடிதத்தை முடிக்கவில்லை. அதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது, அதைப் பொறுமையாகச் சொல்கிறேன், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், பதறாமல் படி.

முதலில் நீ அனுப்பின போட்டோவைச் சொல்கிறேன். கவரைப் பிரித்ததும் உன் அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடித்தான் இருக்கிறது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அந்த நிறம் இருக்கிறதே, கண்ணில் மிளகாய் பட்டது மாதிரி ஒரு ஆரஞ்சு, அதன்மேல் கையகலத்துக்கு ரோஸ் நிறத்தில் இலைகள், காலில் கிளிப்பச்சை ஷூ வேறே. அம்மா போட்டோவை வேதாகமத்துக்குள் ஒளித்துவைத்தாள். சந்தைக்கு மீன் கொண்டுபோகிற நம் அடுத்த வீட்டுப் பூங்கனி எப்படியோ பார்த்துவிட்டு, ஏட்டி கிளாரா, ஒம் மவ நர்சு வேலைய விட்டுட்டு சர்க்கஸ்ல சேந்துட்டாளா என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இத்தனைக்கும் சுவர் ஒன்றுதான் நடுவில்.

எனக்கு ஊர்ப்பேச்சு பெரிதில்லை மக்கா, ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. என் பயம் வேறே. நீ ஒன்பதாம் வகுப்பில் நாகர்கோவில் ஸ்டேடியத்தில் ஓடினது உனக்கு மறந்திருக்காது. கடற்கரை மணலில் பையன்களையெல்லாம் பின்னால் விட்டு ஓடுகிறவள், அங்கே அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கண்டதும் சட்டையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே ஓடி, பாதிச் சுற்றில் நின்று, கயிற்றுக்கு அடியில் நுழைந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை தலையைத் தூக்கவில்லை. அதற்குப் பிறகு துபாய் போகிறவரை நீ ஓடவும் இல்லை. ஆள் பார்த்ததற்கே ஓட்டத்தை விட்டவள், வா வந்து பார் என்று கூப்பிடுகிற நிறத்தைப் போட்டுக்கொண்டு ஓடப்போகிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். துபாயில் பாதியில் நின்றுபோனால் நீ யார் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பாய். இதை நினைத்தே எனக்கு உறக்கம் கெட்டுப்போயிற்று. கறுப்பைப் போட்டால் கூட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கி ஒதுங்கி ஓடுகிறேன், இதைப் போட்டால் ஒளிய இடமில்லை, இடமில்லை என்று ஆனதும் நெஞ்சு நிமிர்ந்து கால் தானாக வீசி ஓடுகிறது என்று நீ எழுதியிருந்தாய். சட்டைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம், இவளுக்கு யாரோ கண்கட்டு வித்தை காட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு வேலை நிரந்தரம் ஆனால் நம் மீன்பிடி வள்ளத்துக்கு மாதா அங்கியின் நீலம் அடிப்பதாக அம்மா நேர்ந்திருந்தாள் அல்லவா, கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்த நேர்ச்சையை நிறைவேற்றினோம். சிவப்பும் மஞ்சளுமாக இருந்த வள்ளத்தை ஒரு இடம் விடாமல் நீலமாக்கினேன். என்னோடு தொழிலுக்கு வருகிற ஜேசுதாஸ், அண்ணே, கடலும் நீலம் வள்ளமும் நீலம், நம்மள எவன் கண்டுபிடிப்பான் என்று கேட்டான். நேர்ச்சைக் காரியத்தில் வாய் வைக்காதே என்று அவனை அடக்கிவிட்டேன். அப்புறம் லீவுக்கு ஊருக்கு வந்த உன் சிநேகிதியிடம், அம்மா காலையில் நடக்கும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று உன் உடுப்பு மாதிரியே ஒரு ஆரஞ்சுச் சட்டை கொடுத்துவிட்டாயே, அதை அவள் தொடவே இல்லை. எஞ்சின் துடைக்க ஆகும் என்று நான் வள்ளத்துக்குக் கொண்டுபோனேன். எண்ணெயும் குடிக்காது தண்ணீரும் குடிக்காது, துடைக்கக்கூட உதவாத துணி என்று உன்னைத் திட்டிக்கொண்டே ஒரு மூலையில் போட்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை கரை கண்ணுக்கு மறைகிற தூரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. என்னென்னவோ செய்து பார்த்தோம், உயிர் வரவில்லை. நீரோட்டம் தெற்கே இழுக்கிறது, அந்தப் பக்கம் கப்பல் போகிற வழி, செல்போனுக்கு டவர் இல்லை. தூரத்தில் ஒரு வள்ளம் போயிற்று, தொண்டை கிழியக் கத்தினோம், திரும்பவில்லை. இன்னொன்றும் போயிற்று, அதுவும் பார்க்கவில்லை. ஜேசுதாஸ் ஜெபமாலையை எடுத்துவிட்டான். எனக்கு அப்போது உன் முகமும் அம்மா முகமும்தான் வந்தது, அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூன்றாவதாக ஒரு வள்ளம் தெரிந்தபோது அவன்தான் அந்தச் சட்டையைத் துடுப்பில் மாட்டி, சட்டைக் கைகள் இரண்டையும் அதில் கட்டித் தூக்கிப் பிடித்தான். அந்த வள்ளம் சட்டென்று எங்கள் பக்கம் முகம் திருப்பியது. குளச்சல்காரர்கள். பக்கத்தில் வந்ததும் அதில் பெரியவர், வள்ளம் ஒண்ணும் தெரியல கேட்டியா, கடல்ல தீப்பிடிச்ச மாதிரி என்னமோ ஆடிச்சு, அதான் வந்தேன் என்றார். கயிறு போட்டு இழுத்து வந்து கரை சேர்த்தார்கள், கடவுள் அவர்களை ஆசீர்வதிக்கட்டும்.

நாங்கள் நேரத்துக்குத் திரும்பாததால் கரையில் ஊரே கூடி நின்றது. வேறு யாரோ எங்களை இழுத்து வருகிறார்கள், வள்ளத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. ஜேசுதாஸ் மட்டும் சட்டையைத் தாழ்த்தவே இல்லை. அதைத்தான் உன் அம்மா முதலில் கண்டிருக்கிறாள். ஏட்டி, அது எம் மவ குடுத்துவிட்ட சட்டை, தூக்கிப் பிடிக்க ஆளு இருக்கு என்று பூங்கனியைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். இப்போது அவர்கள் பேசுகிற பேச்சில் எனக்குக் காது வலிக்கிறது. சட்டையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருக்கிறாள், எண்ணெய்க்கறை கொஞ்சம் நிற்கிறது. நேர்ச்சை நீலத்தை மாற்றக் கூடாது, ஆனால் வள்ளத்தின் முன்பக்கம் மட்டும் ஆரஞ்சு அடிக்க முடிவு செய்திருக்கிறோம். ரோஸ் இலையும் வரையச் சொல்கிறாள். நான் வரைந்தால் திருக்கை மீன் மாதிரிதான் வரும், வரட்டும்.

ஆகையால் என் பதில் இதுதான் மக்கா, கறுப்பைப் போடாதே. என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே, அந்த வெள்ளிக்கிழமை முடிந்து உன் குரலைக் கேட்கிறவரை எனக்குச் சோறு இறங்காது. நைட் டியூட்டி முடிந்த கையோடு ஓடாதே, வெறும் வயிற்றில் ஓடாதே, வலது முட்டிக்கு அம்மா கொடுத்துவிட்ட தைலத்தைத் தேய். கூட்டத்தைக் கண்டு ஒருவேளை கால் நின்றுபோனால், நிற்கட்டும், தப்பில்லை. எவர் முதுகுக்குப் பின்னாலும் போகாமல் அந்த நிறத்தோடு அங்கேயே நின்று, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி ஓடு.

மாதா உன்னோடு கூடவே ஓடி வரட்டும். சகல ஆசீரும் உனக்கு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அல்போன்ஸ்

பி.கு: ஓடும்போது எடுக்கிற போட்டோவை மறக்காமல் அனுப்பு. எத்தனை பேர் கூட்டமாக நின்றாலும் கண்ணாடி போடாமலே உன்னைக் கண்டுபிடித்துவிடுவாளாம் அம்மா. வேதாகமத்துக்குள் இருந்த பழைய போட்டோவை எடுத்து வாசலுக்கு நேரே சுவரில் மாட்டிவிட்டாள்.