கொக்குக் கைகள்

மினியாபொலிஸ், 1899

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் இருமல் நின்றதா? நான் நலம். சித்தி தூங்கிவிட்டார். மெழுகுவத்தி வெளிச்சத்தைக் கையால் மறைத்தபடி எழுதுகிறேன்.

எனக்கு டெலிபோன் நிலையத்தில் வேலை கிடைத்துவிட்டது, அம்மா! படிக்கத்தானே அனுப்பினேன் என்று கோபிக்காதீர்கள். பள்ளி விட்ட பிறகுதான் வேலை. முன்பு அங்கிருந்த பையன்கள் டெலிபோனில் பேசுகிறவர்களையே திட்டினார்களாம். அதனால் இப்போது பெண்களை எடுக்கிறார்கள். மேற்பார்வை அம்மாள், "ரெண்டு கையையும் விரி, பாப்பா" என்றார். விரித்தேன். "அடேயப்பா, இணைப்புப் பலகையோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எட்டுதே! திங்கக்கிழமை சாயங்காலம் வந்துடு!" வகுப்பில் கொக்கு என்று கேலி செய்வார்களே, அதே கைகள்தான்!

சித்திக்குத் தெரிந்தால் என்னை ஊருக்கே அனுப்பிவிடுவார். நேற்றுகூட, அதே நிலையத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்ககிட்ட பேசறதெல்லாம் ஒரு வேலையாடி?" என்று கத்தினார். பயமாக இருக்கிறது. உங்களுக்குச் சம்மதம் என்று சித்திக்கு ஒரு வரி எழுதுங்கள்.

வேலைக்குப் போட வேண்டிய என் கறுப்புக் கவுனில் கை நீளம் போதவில்லை. அதே துணி கொஞ்சம் அனுப்புங்கள். நம் ஊர் நார்ட்பி கடைக்கும் டெலிபோன் வந்துவிட்டதாமே? சனிக்கிழமை வெண்ணெய் விற்கப் போனால் சற்று நேரம் அங்கேயே நில்லுங்கள். மணி அடித்தால் கடைக்காரரை விடாமல் நீங்களே எடுங்கள். நான்தான், அம்மா.

படியில் காலடிச் சத்தம்.

ஹுல்டா